டோகாஃபா, ஆர்க்கிமேட்டா, சாக்மனா? ஒரு வாசகியின் கடிதத்துக்குப் பதில்

வீட்டுக் கடன் வழங்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் 8 மாதங்களுக்கு முன், நிறுவனத்தின் வேலைகளும் மென்பொருள்களும் எப்படி இணைந்து இயங்க வேண்டும் என்று வரைந்து திட்டமிடும் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்டாகச் சேர்ந்த வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், நிறுவனம் ஆகியவற்றை நீக்கிச் சுருக்கித் தருகிறேன். இதற்கு முன் 14 ஆண்டுகள் புரோகிராமராகவும் சொல்யூஷன் ஆர்க்கிடெக்டாகவும் இருந்தவர் அவர். இப்போதைய நிறுவனத்துக்கு 60க்கும் மேற்பட்ட கிளைகள். மென்பொருள்கள் அவர் எண்ணிய வரையில் 74. கடன் கணக்குகளை நடத்தும் மைய மென்பொருளை 18 மாதங்களுக்குள் மாற்றுவது என்று நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. அதற்கு முன்பாக, 'நிறுவனம் முழுவதையும் டோகாஃப் முறைப்படி 6 மாதத்தில் வரைந்து தாருங்கள்' என்று தகவல் தொழில்நுட்பத் தலைவர் கேட்டிருக்கிறார். டோகாஃப் என்பது இத்தகைய திட்டமிடலுக்கான ஒரு வேலை முறை. வெளியிலிருந்து வந்த ஆலோசகரோ, நிறுவனத்தின் விவரங்களை வகைப்படுத்தும் அட்டவணையான சாக்மன் சட்டகத்தின் 36 கட்டங்களையும் நிரப்பாவிட்டால், நிறுவனத்தை வரைந்து காட்டும் மாதிரி (மாடல்) அரைகுறையானது என்கிறார். அதற்கெனத் தம் நிறுவனம் விற்கும் கருவி ஒன்றையும் பரிந்துரைக்கிறார். செயல்முறைப் பிரிவினரிடம் ஏற்கெனவே, வேலைகளைப் படிப்படியாகக் காட்டும் 140 பி.பி.எம்.என். படங்கள் இருக்கின்றன. மென்பொருள் எழுதும் இளைஞர்களுக்கு, ஒரு மென்பொருளின் உள்ளமைப்பைக் காட்டும் சி4 படங்கள் போதும். வாசகி தாமாகவே 'ஆர்க்கி' என்னும் இலவச மென்பொருளில், ஆர்க்கிமேட் என்னும் வரைமொழியில் 11 படங்கள் வரைந்து ஒரு கூட்டத்தில் காட்டியிருக்கிறார். செயல்பாட்டுப் பிரிவின் தலைவர் அவற்றைப் பார்த்துவிட்டு, 'என்னம்மா இது, மார்கழிக் கோலமா?' என்று கேட்க, கூட்டமே சிரித்துவிட்டது.

அவர் கேட்பவை நான்கு: இவற்றுள் எந்த முறை சரி? எல்லாவற்றையும் ஒரே மாதிரிக்குள் கொண்டுவர வேண்டுமா? ஆலோசகர் வரைந்து தரும் படங்கள் யாருக்குச் சொந்தம்? டோகாஃப் சான்றிதழ் இல்லாமல் இந்தப் பதவியில் நிலைக்க முடியுமா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது இந்த நான்கு கேள்விகளும் அல்ல. மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: கடனை முழுவதும் அடைத்தவர்களின் பட்டியலைக் கிளைகள் வெள்ளிக்கிழமைதோறும் எக்செல் கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பினால்தான் ஆவணக் காப்பகத்துக்கு விஷயம் தெரியவரும் என்று. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

ஒரே வகைப் பொருள்கள் அல்ல

டோகாஃப், சாக்மன், ஆர்க்கிமேட், பி.பி.எம்.என்., சி4 ஆகிய ஐந்தையும் ஒரே வரிசையில் நிறுத்தி, எதை எடுப்பது என்று கேட்கிறீர்கள். சமையல் குறிப்பையும் அஞ்சறைப் பெட்டியையும் வாணலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மேல் என்று கேட்பதைப் போன்றது அது. இந்தக் குழப்பத்துக்கு நீங்கள் மட்டும் காரணம் அல்ல. இவற்றை விற்பவர்களும் பயிற்சி அளிப்பவர்களும் அவற்றைப் போட்டியாளர்களைப் போலவே பேசிவருகிறார்கள்.

சாக்மன் சட்டகம் என்பது ஒரு வகைப்பாடு. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் சாக்மன் 1987இல் அந்நிறுவனத்தின் ஆய்விதழில் அதை வெளியிட்டபோது என்ன, எப்படி, எங்கே என்ற மூன்று கேள்விகள்தாம் விரிவாக இருந்தன. யார், எப்போது, ஏன் என்ற மற்ற மூன்றும் ஜான் சோவாவுடன் சேர்ந்து 1992இல் எழுதிய கட்டுரையில் முழு இடம் பெற்றன. ஆறு கேள்விகளை ஆறு நோக்குநிலைகளோடு பெருக்கினால் ஆலோசகர் சொல்லும் 36 கட்டங்கள் வரும். ஆனால் எதை முதலில் செய்வது, எந்தக் குறியால் வரைவது என்பதை அது சொல்வதில்லை. 36 கட்டங்களையும் நிரப்பிய பின்தான் வேலை தொடங்கும் என்பது சட்டகத்தின் விதி அல்ல, ஆலோசகரின் மதிப்பீடு. அது கட்டணத்தையும் நீட்டிக்கும் மதிப்பீடு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டோகாஃப் ஒரு வேலை முறை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உருவாக்கியிருந்த பழைய சட்டகம் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு 'தி ஓப்பன் குரூப்' அமைப்பு 1995இல் அதை முதன்முதலில் வெளியிட்டது. 10ஆம் பதிப்பு 2022இல் வந்தது. ஆயத்தக் கட்டத்துக்குப் பின் 'ஏ' முதல் 'ஹெச்' வரை எட்டுக் கட்டங்கள், அவற்றின் நடுவில் தேவைகளின் மேலாண்மை என்று ஒரு சுழற்சியை அது விவரிக்கிறது. என்னென்ன பட்டியல்கள், அட்டவணைகள், படங்கள் பயன்படக்கூடும் என்று பரிந்துரைக்கிறது. அவற்றை எந்த வரைமொழியில் வரைய வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. ஆகவே உங்கள் தலைவர் கேட்கும் 'டோகாஃப் முறைப்படி வரைந்த படம்' என்று ஒன்று கிடையாது. முறையை நிறுவனத்தின் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொள்ளுங்கள் என்று டோகாஃபே சொல்கிறது என்பதையும் அவரிடம் தயங்காமல் சொல்லலாம்.

மற்ற மூன்றும்தான் படம் வரைவதற்கானவை. அவற்றுள் ஆர்க்கிமேட்டும் பி.பி.எம்.என்.னும் வரைமொழிகள்; சி4 குறிகளைக் கட்டாயப்படுத்தாத ஒரு வரையும் முறை. ஆர்க்கிமேட் 2002க்கும் 2004க்கும் இடையில் நெதர்லாந்தில் ஓர் ஆய்வுத் திட்டமாக உருவாகி, பிறகு ஓப்பன் குரூப்பிடம் சேர்ந்து, 2009இல் அதன் தரநிலையாக வந்தது. தொழில், மென்பொருள், கணினி வசதி என்ற அடுக்குகளுக்கு இடையே எது எதை நம்பி நிற்கிறது என்று காட்டுவது அதன் வேலை. பி.பி.எம்.என். ஒரு வேலை எந்தப் படியில் தொடங்கி எங்கே பிரிந்து எங்கே முடிகிறது என்று காட்டுகிறது. சைமன் பிரௌன் வகுத்த சி4, ஒரு மென்பொருளைச் சூழல், அதனுள் தனித்து இயங்கும் பகுதிகள், அவற்றின் உறுப்புகள், நிரல் என நான்கு தூரங்களிலிருந்து காட்டுகிறது.

அசல் பத்திரம் ஒன்றின் வழியே பார்த்தால்

ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை உங்களுக்குத் தெரிந்ததே. கடனை முழுவதும் அடைத்த 30 நாள்களுக்குள் அசல் சொத்துப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். எந்தப் பதிவகத்தில் பிணையம் பதிவாகியிருந்தாலும் அதையும் நீக்க வேண்டும். தாமதம் நிறுவனத்தால் நேர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. கடன் கணக்கு இருந்த கிளையிலோ, பத்திரம் இருக்கும் வேறு அலுவலகத்திலோ தம் விருப்பப்படி பெற்றுக்கொள்ளக் கடன்தாரருக்கு உரிமை உண்டு. இது 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இந்த ஒரு வேலையை, டோகாஃபைத் தவிர்த்த மற்ற நான்கின் வழியாகவும் பார்ப்போம்.

செயல்முறைப் பிரிவினரின் பி.பி.எம்.என். படத்தில் கிளை, கடன் பிரிவு, காப்பகம் என்று தனித்தனித் தடங்கள் இருக்கும். கணக்கு முடிந்தது, கடிதம் போனது, பத்திரம் எடுக்கப்பட்டது என்று படிகள் வரும். 30 நாள் கெடுவைக் கடிகாரக் குறியால் காட்டலாம். பத்திரம் காணவில்லை என்றால் வேலை எப்படிப் பிரிகிறது என்பதையும் காட்டலாம். அந்த நிலையில் சான்றிட்ட நகல் பெற நிறுவனம் உதவி செய்து, அதற்கான செலவையும் ஏற்க வேண்டும், அதற்குக் கூடுதலாக 30 நாள் உண்டு. இந்தக் கிளைவழிகளை ஆர்க்கிமேட்டில் வரைய முயன்றால் படம் திணறும். அதற்காக ஏற்பட்ட மொழி அல்ல அது.

ஆனால் மைய மென்பொருளை மாற்றினால் பத்திரம் திருப்பித் தரும் வேலைக்கு என்ன ஆகும் என்று கேட்டால், 140 பி.பி.எம்.என். படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து தேட வேண்டியிருக்கும். ஆர்க்கிமேட்டில் 'கடன் கணக்கு மென்பொருள்' என்ற ஒரே பொருளைத் தொட்டால், அது எந்தெந்த வேலைகளுக்குச் சேவை செய்கிறது, எந்த மென்பொருள்களுக்குத் தரவு அனுப்புகிறது என்பவை எல்லாம் ஒரே இடத்தில் வரும். அப்போதுதான் உங்கள் வெள்ளிக்கிழமை எக்செல் கோப்பு வெளிச்சத்துக்கு வருகிறது. கணக்கு மென்பொருளுக்கும் காப்பக மென்பொருளுக்கும் இடையே கோடு போடப் போனால் போட இடமில்லை. அங்கே இருப்பது கிளை ஊழியர் ஒருவரும் ஒரு மின்னஞ்சலும். சனிக்கிழமை கடனை அடைத்தவரின் பெயர் காப்பகத்துக்குப் போய்ச் சேர அடுத்த வெள்ளி ஆகிவிடும். 30 நாளில் ஏறக்குறைய ஒரு வாரம் யாரும் தொடாமலே கழிகிறது. பத்திரப் பெட்டகம் போன்ற இடங்களையும் காகிதப் பத்திரம் போன்ற பொருள்களையும் வரைய 2016இல் வந்த 3.0 பதிப்பு முதல் ஆர்க்கிமேட்டில் தனிக் குறிகள் உண்டு; உங்கள் தொழிலுக்கு அவை உண்மையிலேயே தேவை.

சி4 இங்கே புதிய மென்பொருளை எழுதுவோருக்கு உதவும். கணக்கு முடிந்த அந்த நொடியே காப்பகத்துக்குச் செய்தி அனுப்பும் பகுதியை எங்கே வைப்பது என்று அவர்கள் அதில் வரைந்துகொள்ளட்டும். சாக்மனின் ஆறு கேள்விகளை நான் வேறு விதமாகப் பயன்படுத்துவேன்: படம் வரைந்து முடித்தபின், விட்டுப்போனது என்ன என்று பார்க்கும் சரிபார்ப்புப் பட்டியலாக. எங்கே என்று கேட்டுப் பாருங்கள். எந்த அலுவலகத்தில் பத்திரம் வேண்டும் என்ற கடன்தாரரின் விருப்பத்தை உங்கள் எந்த மென்பொருள் பதிவு செய்கிறது? கடிதத்தில் அதற்கு விடை இல்லை. படத்திலும் இருக்காது என்று ஊகிக்கிறேன்.

உங்கள் 11 படங்களைப் பற்றி

செயல்பாட்டுத் தலைவரின் கேலி உங்களை வருத்தியிருக்கிறது. அவர் கேட்டதில் நியாயமும் இருக்கிறது. நீங்கள் இணைத்திருந்த முதல் படத்தில் 58 பெட்டிகள் இருக்கின்றன. எட்டு வகைக் கோடுகள் இருக்கின்றன. ஆர்க்கிமேட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொருள் வகைகள் உண்டு என்பதற்காக எல்லாவற்றையும் பயன்படுத்த வேண்டியதில்லை. தொழிற்பணி, தொழிற்சேவை, மென்பொருள், தரவு, கணினி வசதி என்ற ஐந்தாறு வகைகளும் நான்கு வகைக் கோடுகளும் உங்கள் நிறுவனத்துக்கு முதல் ஆண்டு முழுவதும் போதும். மஞ்சள், நீலம், பச்சை நிறங்களுக்குத் தரநிலை எந்தப் பொருளும் வகுக்கவில்லை. அது வெறும் வழக்கம். எனவே 'மாற்றப்படுபவை சிவப்பு, மாறாதவை சாம்பல்' என்று நீங்களே நிறத்துக்குப் பொருள் கொடுத்து, படத்தின் மூலையில் எழுதிவைக்கலாம். மேலதிகாரிகள் நிறத்தைத்தான் படிக்கிறார்கள்.

ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஆர்க்கிமேட்டில் சேவை செய்யும் உறவைக் காட்டும் அம்பு, தருபவரிடமிருந்து பெறுபவரை நோக்கிப் போகும். சி4 வரையும் உங்கள் இளைஞர்களோ, பயன்படுத்துபவரிடமிருந்து பயன்படும் மென்பொருளை நோக்கி அம்பு போடுவார்கள். ஒரே இணைப்பு இரண்டு படங்களில் எதிரெதிர்த் திசையில் நிற்கும். கடிதத்தில் நீங்கள் சொன்ன 'டெவலப்பர்கள் என் படத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்' என்ற குறைக்குக் காரணம் அநேகமாக இதுவே. அம்பின் மேல் 'தவணை விவரம் தருகிறது' என்பது போல ஒரு வினைச்சொல்லை எழுதிவிடுங்கள். சண்டை பாதி தீரும்.

கோலத்தைப் பற்றி இன்னும் ஒரு சொல். கோலம் போடுபவர் முதலில் புள்ளி வைக்கிறார், எண்ணி வைக்கிறார், பிறகுதான் கோடு இழுக்கிறார். உங்கள் 11 படங்களில் ஒரே மென்பொருள் 'எல்.எம்.எஸ்.', 'கடன் மென்பொருள்', 'கோர்' என்று மூன்று பெயர்களில் மூன்று தனிப் பெட்டிகளாக இருக்கிறது. கோடுகளைத் திருத்துவதற்கு முன்பு புள்ளிகளை எண்ணிவிடுங்கள்.

ஒரே மாதிரி வேண்டுமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் ஒரே பெயர்ப்பட்டியல் வேண்டும். 74 மென்பொருள்களுக்கும் ஒவ்வோர் எண், ஒரு பெயர், ஒரு பொறுப்பாளர் என்று ஓர் அட்டவணை செய்யுங்கள். பி.பி.எம்.என். படத்திலும் சி4 படத்திலும் ஆர்க்கிமேட் மாதிரியிலும் அதே பெயர் மட்டுமே வர வேண்டும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டால், 140 படங்களை யாரும் மறுபடி வரைய வேண்டியதில்லை. பி.பி.எம்.என். படம் ஒன்று ஆர்க்கிமேட்டில் ஒரு தொழிற்பணிப் பெட்டியாக நிற்கும். சி4இன் முதல் நிலையில் வரும் மென்பொருள், ஆர்க்கிமேட்டின் ஒரு மென்பொருள் பெட்டியாக நிற்கும். அதற்குக் கீழே அவரவர் மொழி அவரவருக்கு.

எவ்வளவு விவரம் சேர்ப்பது என்பதில்தான் இத்தகைய பணிகள் பெரும்பாலும் மூழ்குகின்றன. ஆலோசகர் கேட்பதுபோல் மென்பொருளுக்கு 20 விவரம் என்றால் 1,480 தகவல்களை யாரோ ஒருவர் தொடர்ந்து உண்மையாக வைத்திருக்க வேண்டும். நான் முன்பு பணியாற்றிய நிறுவனம் ஒன்றில் ஒன்பது மாதம் உழைத்து, 400க்கும் மேற்பட்ட பெட்டிகள் கொண்ட படத்தை அச்சிட்டு நடைபாதைச் சுவரில் ஒட்டினோம். அன்று மாலையே அந்த வழியாக வந்த சர்வர் அறை ஊழியர் ஒரு பெட்டியின் மேல் விரலை வைத்து, 'சார், இதைப் போன தீபாவளிக்கே ஆஃப் பண்ணிட்டோமே' என்றார். அதற்குப் பிறகு அந்தச் சுவரை யாரும் நம்பவில்லை. நானும்தான்.

ஆகவே நிறுவனம் முழுவதும் என்ற எல்லையைத் தலைவரிடம் பேசி மாற்றுங்கள். எடுக்க வேண்டிய முடிவு மைய மென்பொருளைப் பற்றியது. அதைத் தொடும் மென்பொருள்கள் 23 என்று நீங்களே எண்ணியிருக்கிறீர்கள். அந்த 23க்கும் ஆறு விவரங்கள் போதும்: பெயர், பொறுப்பாளர், எந்த வேலைக்கு, எந்தத் தரவு உள்ளே வருகிறது, எது வெளியே போகிறது, மாற்றத்துக்குப் பின் அதன் கதி என்ன. 138 தகவல்கள், இரண்டு பேர் ஆறு வாரத்தில் சரிபார்த்துவிடலாம். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை முன்னிட்டு, எந்த மென்பொருளில் யாருடைய தனிப்பட்ட தரவு இருக்கிறது என்று உங்கள் சட்டப் பிரிவு கேட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதற்குப் படமே தேவையில்லை. மென்பொருளை வரிசையிலும் தரவை நெடுவரிசையிலும் வைத்த ஓர் அட்டவணை தெளிவாக இருக்கும்.

படம் வரைய வேண்டிய இடம் வேறு. இன்றைய நிலை, இறுதி நிலை இரண்டையும் எல்லாரும் வரைவார்கள். இடையில் பழைய மென்பொருளும் புதியதும் சேர்ந்து ஓடும் மாதங்கள் இருக்கின்றனவே, அவற்றை யாரும் வரைவதில்லை. பாதிக் கிளைகள் புதியதில், பாதி பழையதில் இருக்கும்போது, கணக்கு முடிந்த செய்தி எந்த மென்பொருளிலிருந்து காப்பகத்துக்குப் போகும்? இரண்டிலிருந்தும் போகுமா, ஒன்றிலிருந்தும் போகாதா? ஆர்க்கிமேட்டில் ஒவ்வோர் இடைநிலையையும் ஒரு தளமாகக் காட்டி, இரண்டு தளங்களுக்கு இடையிலான குறையைப் பெயரிட்டு எழுத வழி இருக்கிறது. உங்களுக்கு ஒரே ஒரு படம் வரைய நேரம் இருந்தால், இதை வரையுங்கள்.

ஆலோசகரும் கருவியும்

இங்கே உங்கள் அனுமானம் ஒன்றைத் திருத்த வேண்டும். பணம் கொடுத்துவிட்டதால் படங்கள் தானாகவே உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் தம் பணியின் பகுதியாக உருவாக்குவதற்கு, வேறு உடன்பாடு இல்லாதவரை, முதல் உரிமையாளர் வேலை தருபவர். அதாவது நீங்கள் வரைந்த 11 படங்கள் நிறுவனத்துடையவை. வெளி ஆலோசகர் ஊழியர் அல்லர். அவர் வரைவது, எழுத்து மூலம் உரிமை மாற்றித் தராதவரை, பொதுவாக அவர் தரப்புக்கே உரியது. மாற்றித் தரும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகளுக்கு மட்டும் என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. நான் வழக்கறிஞர் அல்லன். கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தின் இந்தப் பகுதியை உங்கள் சட்டப் பிரிவிடம் காட்டிவிடுங்கள்.

அதைவிட அன்றாடம் வலிக்கக்கூடியது கருவியில் சிக்கிக்கொள்வது. ஆர்க்கிமேட் மாதிரிகளை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்ல ஓப்பன் குரூப் வெளியிட்ட பொதுக் கோப்பு வடிவம் உண்டு. நீங்கள் பயன்படுத்தும் ஆர்க்கியும் அதை ஏற்கும். ஆலோசகரின் கருவி அந்த வடிவத்தில் ஏற்றுமதி செய்கிறதா என்று விற்பனைக் கூட்டத்தில் கேட்காதீர்கள். உங்கள் 11 படங்களில் ஒன்றை அதில் ஏற்றி, வெளியே எடுத்து, மறுபடி ஆர்க்கியில் திறந்து காட்டச் சொல்லுங்கள். பார்ப்பவர், திருத்துபவர் என்று உரிமக் கட்டணம் பிரிகிறதா என்றும் கேளுங்கள். 60 கிளைகளின் மேலாளர்கள் படத்தைப் பார்ப்பதற்கே கட்டணம் என்றால் அந்தப் படத்தை யாரும் பார்க்கப் போவதில்லை.

சான்றிதழும் உங்கள் வேலையும்

சான்றிதழ் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது கதவைத் திறக்கும். ஆனால் இப்போதைய சிக்கலுக்கு அது மருந்து அல்ல. நிறுவனத்தின் உள் பயன்பாட்டுக்கு டோகாஃப் ஆவணங்களை இலவசமாகவே பெற்றுப் படிக்கலாம். அடுத்த மூன்று மாதங்களை அந்த 23 மென்பொருள்களுக்குக் கொடுங்கள், தேர்வை அதன் பிறகு எழுதுங்கள். தலைவர் கேட்ட 'டோகாஃப்' என்ற சொல்லுக்காக, எல்லை, இன்றைய நிலை, இறுதி நிலை, இடைநிலைகள், குறைகள் என்ற வரிசையில் அறிக்கையை அமைத்து, எந்தப் பகுதி டோகாஃபின் எந்தக் கட்டத்தோடு பொருந்துகிறது என்று ஓரத்தில் குறித்துவிடுங்கள். அவர் கேட்டதும் கிடைத்துவிடும், நீங்கள் பொய்யும் சொன்னதாகாது.

செயல்பாட்டுத் தலைவரிடம் அடுத்த முறை 11 படங்களோடு போகாதீர்கள். ஒரே தாளில் பத்திரம் திருப்பித் தரும் வேலையை மட்டும் வரையுங்கள்: இடப்பக்கம் கணக்கு மென்பொருள், வலப்பக்கம் காப்பகம், நடுவே வெள்ளிக்கிழமை மின்னஞ்சல், அதன் கீழே '7 நாள் வரை'. கடந்த ஆண்டு எத்தனை பத்திரங்கள் 30 நாளைத் தாண்டின என்ற கணக்கு அவரிடம்தான் இருக்கும். அந்த எண்ணிக்கையை எழுத ஒரு வெற்றிடம் விட்டு, பேனாவை அவர் கையில் கொடுங்கள்.